நேசம்மாளின் குரலில் வாசித்தவள்

புதுக்கடைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த முந்திரி அண்டியாபீஸில், தொலி உரிக்கும் கொட்டகையில் மட்டும் நாற்பத்திரண்டு பெண்கள். முந்திரிப் பருப்பின் மேல் ஒட்டியிருக்கும் சிவந்த தொலியைச் சின்னக் கத்தியால் சுரண்டி, பருப்பு உடையாமல் எடுப்பதுதான் வேலை. காலை எட்டு மணிக்குக் குனிந்த தலை சாயங்காலம் ஐந்துக்குத்தான் நிமிரும். மத்தியானம் இரண்டரை முதல் மூன்று மணி வரை ஒரே ஒரு கத்தி மட்டும் ஓய்ந்திருக்கும். அது ஆயிஷாவின் கத்தி. அந்த அரைமணி நேரம் அவள் நாவல் வாசிப்பாள். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே உரிப்பார்கள். அவள் வேலை பின்தங்காமலிருக்க, ஆளுக்கு ஒரு பிடி உரித்த பருப்பை அவள் தட்டில் போட்டுவிடுவார்கள். சூப்பர்வைசர் பிரதீஷ் முதலில் முகம் சுளித்தான். கதை கேட்கிற நேரத்தில் யாரும் எழுந்து போவதில்லை, வம்பு பேசுவதில்லை என்று கண்டதும் விட்டுவிட்டான்.

ஆயிஷா தேங்காப்பட்டணத்துக்காரி. நாற்பத்தியொரு வயது. பிளஸ் டூ முடித்த கையோடு கல்யாணம். கணவர் சலாஹுதீனுக்குத் துறைமுகத்தில் மீன் பெட்டி ஏற்றுகிற வேலை. வாய் திறக்காத மனிதர். முதல் நான்கு வருடம் அவர் பேசாததை வெறுப்பு என்றே ஆயிஷா நினைத்திருந்தாள். நூலகத்திலிருந்து எடுத்த ஏதோ ஒரு நாவலில், ஒரு வார்த்தை பேசாத படகோட்டி ஒருவன் மனைவியின் அறுந்த செருப்பு வாரை யாரும் பார்க்காத நேரத்தில் தைத்து வைப்பான். அதை வாசித்த அன்றுதான், கம்பி ஒடிந்த தன் குடை எப்படித் தானாகச் சரியானது என்று அவள் யோசித்தாள். அதன் பிறகு மனிதர்களைப் புரிந்துகொள்ள அவளுக்கு நாவலைவிட நம்பிக்கையான வழி தெரியவில்லை. ‘கதையில உள்ளவங்க எல்லாம் நம்ம கூடத்தான் நடமாடுகினும், நாமதான் கண்டுபிடிக்கணும்’ என்று கொட்டகையிலும் சொல்லுவாள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் ஆளைக் காட்டுவாள். எப்போதும் மணி பார்க்கிற ஜமீன் கணக்குப்பிள்ளை வந்தால், “இது நம்ம பிரதீஷ் சாரு இல்லியா?” என்பாள். கொட்டகை சிரிக்கும். சில நாள் அவளே அந்த ஆளின் குரலிலும் வாசித்துக் காட்டுவாள்.

போன மழைக்காலத்தில் எடுத்த நாவலுக்கு அட்டையே இல்லை. பழைய காலத்துக் கதை. தெய்வானையம்மாள் என்று ஒரு மாமியார். அவள் மகன் வடக்கே ரயில்வேயில். மருமகள் சாரதா கைக்குழந்தையோடு வீட்டில். நான்காம் அத்தியாயத்தில் தெய்வானையம்மாள், “நான் ஒன்றும் சொல்லவில்லை” என்று ஆரம்பித்து ஒரு பக்கம் முழுக்கச் சொல்லுவாள். அந்த இடம் வந்ததும் ஆயிஷாவின் நாக்கு தன்னை அறியாமல் வழுக்கியது.

“நான் ஒண்ணும் சொல்லல்ல கேட்டியா மோளேஏ…”

கொட்டகை இடிந்து விழுந்ததுபோலச் சிரிப்பு. அது நேசம்மாளின் இழுப்பு. பைங்குளத்து நேசம்மாள், ஐம்பத்தெட்டு வயது, ஜன்னலோரத்தில் உட்காருகிறவள். எதைச் சொல்வதற்கு முன்னாலும் ‘நான் ஒண்ணும் சொல்லல்ல’ என்பாள். அவளுக்கு எதிரே உட்கார்ந்து உரிப்பது அவளுடைய மருமகள் ஜினிஷா.

“ஏட்டி, என்னையா காட்டுக?” என்று நேசம்மாளும் கண்ணீர் வரச் சிரித்தாள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது ஜினிஷா.

அன்றிலிருந்து தெய்வானையம்மாளுக்கு அந்தக் குரல்தான். அடுத்த பெஞ்சு பிரிஜா, வாய்க்குப் பூட்டில்லாதவள், நேசம்மாளைத் ‘தெய்வான’ என்றே கூப்பிடத் தொடங்கினாள். தண்ணீர் குடிக்கப் போனால், “தெய்வானைக்கு வழி விடுங்கட்டி!” பஸ்ஸில் இடம் போட்டால், “இது தெய்வானைக்க சீட்டு!” ஒரு வாரத்தில் நேசம்மாளின் சிரிப்பு நின்றுபோனது. ஆயிஷா அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டாள். கேட்கிறவர்களின் சிரிப்பு அவளுக்கு அவ்வளவு ருசியாக இருந்தது.

ஒன்பதாம் அத்தியாயத்தில் கடிதங்கள் வந்தன. மகன் மனைவிக்கு எழுதும் கடிதங்களைத் தபால்காரனிடம் வாசலிலேயே வாங்கி, தெய்வானையம்மாள் அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கிறாள். ஆயிஷா அதையும் அதே இழுப்பில் வாசித்தாள். இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிரிஜா நேசம்மாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இன்னொருத்தி பார்த்தாள். பிறகு அந்த வரிசையே பார்த்தது.

காரணம் எல்லோருக்கும் தெரியும். ஜினிஷாவின் கணவன் ஜெரிஷ் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். ஐந்து வாரத்துக்கு முன்னால் போனில் இருவருக்கும் வாக்குவாதம். அவன் பாதியில் வைத்துவிட்டான். அந்த வாரமே வேறு கம்பெனிக்கு மாறினான். பழைய நம்பர் அணைந்து கிடந்தது. புது நம்பரிலிருந்து ஜினிஷாவுக்கு ஓர் அழைப்பும் வரவில்லை. தனக்கும் வரவில்லை என்றே நேசம்மாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நேசம்மாளின் தலை மட்டும் நிமிரவில்லை. அவள் விரலிடுக்கில் இருந்த பருப்பு சட்டென்று இரண்டாக உடைந்த சத்தம் அந்த அமைதியில் நன்றாகக் கேட்டது.

அன்று சாயங்காலம் கை கழுவும் குழாயடியில் ஜினிஷா ஆயிஷாவை நெருங்கி வந்தாள். இருபத்துநாலு வயதுப் பெண். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“அக்கா, ஒரு காரியம் கேக்கட்டா?”

“கேளு மக்கா.”

“எனக்க மாமி நித்தமும் வேல விட்டுப் போனதும் போன எடுத்துகிட்டு கெணத்தடிக்குப் போறாவ. ஒரு மணிக்கூர் கழிச்சுத்தான் வருவாவ. யாருண்ணு கேட்டா சர்ச்சு சபையில உள்ளவங்கண்ணு சொல்லுவாவ.” குரல் இறங்கியது. “அந்த சாரதா கடைசியில என்ன செய்வா அக்கா?”

“அது கதை, மக்கா. கதையப் பார்த்து நாம…”

“நீங்கதானே சொல்லுவிய, கதையில உள்ளவங்க நம்ம கூடத்தான் நடமாடுகினும்ணு.”

ஆயிஷா குழாயை மூடிவிட்டு முந்தானையில் கை துடைத்தாள்.

“எனக்க துணி எல்லாம் எடுத்து வச்சாச்சு” என்றாள் ஜினிஷா. “அந்தத் தெய்வான கடிதத்த என்ன செய்வாண்ணு தெரியட்டு. திருவட்டாறுல எனக்க அம்மைக்க வீட்டுக்குப் போனா பெறவு திரும்பி வர மாட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை பகலில் ஆயிஷா அடுத்த அத்தியாயங்களை மளமளவென்று வாசித்தாள். நினைத்ததைவிட மோசமாக இருந்தது. தெய்வானையம்மாள் கடிதங்களை வெந்நீர் அடுப்பில் போட்டு எரிக்கிறாள். சாரதா சாம்பலில் கருகாத ஒரு துண்டைக் காண்கிறாள், கணவனின் கையெழுத்து. குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போகிறவள் கடைசிப் பக்கம் வரை திரும்பவே இல்லை. ஆயிஷா புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். இதை நாளைக்கு அந்தக் கொட்டகையில், அந்தக் குரலில், அந்த இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். வாசித்த மறுநிமிடம் ஜினிஷா எழுந்து போவாள். பாத்திரத்துக்கு ஆள் காட்டியது யார்? குரல் கொடுத்தது யார்?

முற்றத்தில் சலாஹுதீன் மீன் பெட்டி கழுவிக்கொண்டிருந்தார்.

“இஞ்ச பாருங்க. புத்தகத்துல உள்ளத மாத்தி வாசிச்சா அது குத்தமா?”

அவர் பெட்டியைக் கவிழ்த்து வைத்தார். அடுத்த பெட்டியை எடுத்தார். “யாருக்கு?” என்று மட்டும் கேட்டார். பிறகு தண்ணீரை ஊற்றத் தொடங்கிவிட்டார்.

திங்கட்கிழமை இரண்டரை மணி. ஆயிஷா புத்தகத்தை விரித்தாள். கண் அச்சில் இருந்தது, வாய் வேறொன்றைச் சொன்னது. “தெய்வானையம்மாள் அரிசிப் பானைக்குள் கையை விட்டாள். ஒவ்வொன்றாக எடுத்து, தவிடு தட்டி…” தன் சொந்தக் குரலில்தான் சொன்னாள், இழுப்பு இல்லாமல். அதுவே அவளுக்கு வினோதமாக இருந்தது. இரண்டு வாக்கியம் தள்ளி என்ன வரும் என்று அவளுக்கே தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் வந்து நின்றது. பிரதீஷின் நிழல் பக்கத்தின் மேல் விழுந்தது. அவன் சில சமயம் எட்டிப் பார்த்துக் கூடவே வாசிப்பது உண்டு. ஆயிஷா விரலை வரிக்கு வரி நகர்த்தினாள். கடிதக் கட்டை அடுப்பில் எறிந்த வரியின் மேல் விரல் போனபோது, “அந்தக் கட்டைக் கொண்டுபோய்ச் சாரதாவின் மடியில் வைத்தாள். ‘எல்லாம் வாசி. எடுத்தது நான்தான்’ என்றாள்” என்று அவள் வாய் சொன்னது. வியர்வை கழுத்தில் இறங்கியது. பிரதீஷ் மணி பார்த்தான். நகர்ந்து போனான்.

நாற்பது கத்திகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு கத்தி நின்றிருந்தது. நேசம்மாள் ஆயிஷாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் நேசம்மாள் வேண்டுமென்றே அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஜினிஷா முன்னால், டிரைவருக்குப் பின் சீட்டில்.

“எல்லாத்தையும் குடுத்திட்டாளா அவ?”

“குடுத்திட்டா.”

“மருமவ என்ன செய்தா? சண்டைக்குச் சாடினாளா?”

“இன்னும் வாசிக்கல்ல அக்கா.”

“நீ முந்தியே வாசிச்சிருப்ப. எனக்குத் தெரியும்.” நேசம்மாள் முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். “புத்தகத்துல அப்பிடித்தான் போட்டிருக்கா? உள்ளதா?”

ஆயிஷா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். “உள்ளதுதான்.”

நேசம்மாள் பைங்குளத்தில் இறங்கினாள். இறங்கும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். இவள் மகனின் அழைப்புகளை மறைத்திருக்கிறாள் என்று ஆயிஷாவுக்கு அப்போதுதான் உறுதியானது. இதுவரை அது வெறும் பழி என்று எண்ணியே கதையை மாற்றியிருந்தாள். இப்போது ஒரு கெட்ட காரியத்துக்குக் காவல் நிற்பதுபோலத் தோன்றியது. நாளைக்கு சாரதா என்ன செய்வாள் என்று நேசம்மாள் காத்திருப்பாள். அதைக் கேட்டுவிட்டுத்தான் வாய் திறப்பாள். அந்த நாளைய கதையை ஆயிஷா ராத்திரி வரை யோசித்தும் ஒன்றும் கூடிவரவில்லை.

அவளுக்கு அந்தத் தேவையே இல்லாமல் போனது. செவ்வாய்க்கிழமை மதியச் சோற்று நேரத்தில், மீதிக் கதையைத் தெரிந்துகொள்ளும் அவசரத்தில் பிரிஜா அவள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துவிட்டாள். இரண்டரைக்கு ஆயிஷா கை துடைத்துக்கொண்டு வந்தபோது, பிரிஜா பெஞ்சின் மேல் ஏறி நின்றிருந்தாள்.

“நேத்து இவ வாசிச்சது ஒண்ணும் இதுல இல்ல! கேளுங்கட்டி, உள்ளத நான் வாசிக்கேன்!”

எழுத்துக் கூட்டித்தான் வாசித்தாள். ஆனால் அந்த இழுப்பை மட்டும் சரியாகப் பிடித்திருந்தாள். “நான் ஒண்ணும் சொல்லல்ல மோளேஏ…” என்று அச்சில் இல்லாததையும் சேர்த்துக்கொண்டாள். வெந்நீர் அடுப்பு. தீ. கருகிய காகிதம். கொட்டகை குமுறியது. “எங்கள எல்லாம் முட்டாளாக்கினியா ஆயிஷா?” என்று ஒருத்தி. “இந்தத் தெய்வானைக்காக மறச்சியா?” என்று இன்னொருத்தி.

ஜினிஷா எழுந்தாள். தொலி உரிக்கும் கத்தி இன்னும் அவள் கையில் இருந்தது. அவளுக்கே அது தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் விலகினார்கள்.

“மாமி. அவரு உங்களுக்குத்தானே போன் செய்வாரு?”

“நான் ஒண்ணும்…” நேசம்மாள் அங்கேயே நிறுத்திக்கொண்டாள். அந்த வார்த்தையை இனி அவளால் சொல்ல முடியாது. “செய்வான்.”

“என்னைக் கேட்டாரா?”

“நித்தமும் கேப்பான். உனக்குக் கேக்கச் சொல்லி வாய்ஸ் அனுப்புவான்.”

“அழிச்சாச்சா?”

“இல்ல. எல்லாம் கெடக்கு.”

நேசம்மாள் வெளியே பை வைக்கும் அலமாரிக்குப் போனாள். போனை எடுத்து வந்தாள். பூட்டைத் திறந்து நீட்டினாள். ஜினிஷா கத்தியைப் போட்டுவிட்டு அதைப் பிடுங்கினாள். முதல் செய்தி கொட்டகை முழுக்கக் கேட்டது. “ஜினி, நான் செய்தது தப்புதான். நீ ஒரு தடவ பேசு…” அவள் போனை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு அண்டி காயப்போடும் களத்துக்கு ஓடினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். கொளுத்தும் வெயிலில் காதோடு போனை வைத்து, நிற்காமல் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டிருந்தாள். அரைமணி நேரம். திரும்பி வந்து போனை நேசம்மாளின் முன்னால் தொலிக் குவியலில் வைத்தாள். பையை எடுத்தாள். அரைநாள் லீவு கேட்டாள். சாயங்காலம் அவள் திருவட்டாறு பஸ்ஸில் ஏறியதைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள்.

“இனி இங்க கதையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்” என்றான் பிரதீஷ். ஆயிஷாவின் தட்டில் அன்று ஒருத்தியும் ஒரு பிடி போடவில்லை.

நேசம்மாள் மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. நான்காம் நாள் ஆயிஷா பைங்குளத்தில் இறங்கி அவள் வீட்டுக்குப் போனாள். கதவு திறந்து கிடந்தது. நேசம்மாள் அடுக்களையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அடுப்பு பற்றவைத்த அடையாளம் இல்லை.

“அக்கா, நான் செய்தது பெரிய தப்பு.”

“எது? மாத்தி வாசிச்சதா?”

“உங்களுக்க சத்தத்துல வாசிச்சது.”

நேசம்மாள் ஆயிஷாவுக்கு ஒரு பலகையை நகர்த்திப் போட்டாள். “அண்ணைக்கு நானும் சிரிச்சேன்” என்றாள். “வீட்டுக்கு வந்து அவகிட்ட ஒரு சொல் சொல்லப் போனா, எனக்க சத்தமே எனக்கு வேற யாருக்கோ உள்ளது மாதிரிக் கேட்டுது. பேச்ச நிறுத்தினேன். அப்பம் அவ நெனச்சா, மாமி ஒளிக்கியாண்ணு. ஒளிக்கத்தான் செய்தேன், இல்லண்ணு சொல்லல்ல.” பிறகு திடீரென்று கேட்டாள். “அந்தக் கதையில உள்ளவ எதுக்கு அத எரிச்சா? புத்தகத்துல போட்டிருக்கா?”

“குடும்ப மானம்ணு போட்டிருக்கு.”

“மானமா?” நேசம்மாள் உதட்டைப் பிதுக்கினாள். “எழுதினவனுக்கு ஒரு குந்தமும் தெரியாது. கல்யாணம் கழிஞ்சு ரெண்டு வருசம். எனக்க மோன் எனக்கு போன் விளிச்சா, ‘அம்மா சொகமா, ஜினிகிட்ட குடு’ண்ணுதான் விளிப்பான். அந்தச் சண்ட கழிஞ்ச பெறவு, அவளப் பத்திக் கேக்க எனக்கு விளிச்சான். ஒரு மணிக்கூர் பேசினான் பிள்ளே. சின்னப் பிள்ளையில பேசின மாதிரி. நான் அவகிட்ட சொல்லியிருந்தா அண்ணைக்கே சமாதானமாயிருப்பாங்க. மறுநாள் எனக்கு அந்த ஒரு மணிக்கூர் இல்ல. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்ணு… ‘அவ இன்னும் கோவமாத்தான் இருக்கா, நீ இப்பம் விளிக்காத’ண்ணு அவன்கிட்டயும் சொல்லிட்டேன்.”

ஆயிஷா கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருட வாசிப்பில் இந்தக் காரணத்தோடு ஒரு மாமியாரை அவள் சந்தித்ததே இல்லை. செய்தது ஏறக்குறைய அதே காரியம்தான். அதற்குள் இருந்தவள் வேறு ஆள். ஆயிஷா எழுந்து அடுப்பைப் பற்றவைத்துக் கட்டன்சாயா போட்டாள். இருவரும் குடித்தார்கள்.

“இத நீங்க ஜினிஷாகிட்ட சொல்லணும்” என்றாள் புறப்படும்போது. “என்கிட்ட சொன்னது மாதிரியே.”

“கேப்பாளா அவ?”

“தெரியாது அக்கா.”

இந்தத் தடவை அவள் பொய் சொல்லவில்லை.

ஜினிஷா பன்னிரண்டு நாள் கழித்து வந்தாள். நேசம்மாள் திருவட்டாறுக்கே போய், அந்த வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னதாகப் பிறகு தெரிந்தது. ஜினிஷாவின் அம்மை உள்ளே வரச்சொல்லவில்லையாம். ஜெரிஷும் தாயிடம் மூன்று வாரம் பேசவில்லை. அதை முடித்துவைத்தது ஜினிஷாதான். “சனிக்கிழம தோறும் உங்க அம்மைக்கு விளிங்க. ஒரு மணிக்கூர். நான் பக்கத்துல நிக்க மாட்டேன்” என்று அவனிடம் சொல்லிவிட்டாளாம். ஆனால் கொட்டகையில் அவள் மாமியாருக்கு எதிரே உட்காருவதை விட்டுவிட்டாள். இரண்டு வரிசை தள்ளி, கடைசி வரிசைக்கு இடம் மாற்றிக்கொண்டாள். இன்னும் அங்கேதான் உட்காருகிறாள். வீட்டிலும் தேவைக்கு மட்டும்தான் பேச்சு என்று நேசம்மாள் சொல்லுகிறாள்.

கதை இல்லாத மத்தியானங்களில் வம்பு பெருகியது. இரண்டு கைகலப்பும் நடந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் பிரதீஷே வந்து, “வாசிச்சுத் தொலையுங்க” என்றான். ஆயிஷா வேறொரு நாவல் எடுத்துவந்தாள். இப்போது எல்லாப் பாத்திரத்துக்கும் அவளுடைய ஒரே குரல்தான். யார் யாரைப்போல என்று அவள் சொல்லுவதும் இல்லை. “ஒரு ருசியும் இல்ல, வேதபாடம் வாசிக்க மாதிரி இருக்கு” என்று பிரிஜா சலித்துக்கொண்டாள்.

போன வாரம் ஆயிஷாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. பிரிஜா புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். அந்த நாவலில் ஊருக்கெல்லாம் புத்தி சொல்லும் ஒரு டீச்சர் வருவாள். பிரிஜா ஒரு வரி வாசித்துவிட்டு நிறுத்தினாள். முக்காட்டை இழுத்துவிடுவதுபோலக் கையைக் கொண்டுபோனாள். கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு, மெல்லிய குரலில், “கதையில உள்ளவங்க எல்லாம் நம்ம கூடத்தான் நடமாடுகினும்…” என்றாள்.

அச்சு அசலாக இருந்தது. கொட்டகை குலுங்கியது. கடைசி வரிசையிலிருந்து ஜினிஷாவின் சிரிப்புகூடக் கேட்டது. ஆயிஷாவும் சிரித்தாள். சிரிக்காமல் இருக்க முடியாது. காது மட்டும் சூடேறிக்கொண்டே போயிற்று. இப்படியா பேசுகிறேன்? இப்படியா கண்ணை மூடுகிறேன்? எத்தனை நாளாக இவர்கள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?

ஜன்னலோரத்திலிருந்து நேசம்மாள் எழுந்து வந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. தன் தட்டிலிருந்து உரித்த பருப்பில் ஒரு பிடி அள்ளி ஆயிஷாவின் தட்டில் போட்டுவிட்டு, போய் உட்கார்ந்து மறுபடி உரிக்கத் தொடங்கினாள்.